படகு ரெசின் சர்ஃப் பலகைக்கு ஆகுமா? ஃபோம், ரெசின் தேர்வு பற்றி ஒரு விளக்கம்

வடசென்னையில் சர்ஃப் பலகை செய்ய நினைப்பவர் பொருள் தேடி ரொம்ப தூரம் அலைய வேண்டியதில்லை. காசிமேட்டிலும் அதைச் சுற்றியும் ஃபைபர் படகு கட்டுவதும் பழுது பார்ப்பதும் அன்றாட வேலை. பாலியெஸ்டர் ரெசின், அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், இறுகுவதை முடுக்கிவிடும் கோபால்ட், கண்ணாடி இழை மேட் எல்லாமே கிலோ கணக்கில் கிடைக்கும். தெர்மாகோலுக்கும் பஞ்சமில்லை. மீன் பெட்டியாகவும், சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிய சின்ன மிதவையாகவும் அது கரையில் கிடக்கிறது. தெர்மாகோலை இழைத்து, மேலே ரெசினை ஊற்றினால் பலகை ஆகிவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இவை இரண்டும் ஒன்றோடொன்று சேரவே சேராது. பலகைக்கான மற்ற முடிவுகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் மணிகளை ஊதிப் பெரிதாக்கி ஒட்டவைத்த பொருள். பாலியெஸ்டர் ரெசினில், அது துணிக்குள் இறங்கும் அளவுக்கு இளகி ஓட வேண்டும் என்பதற்காக ஸ்டைரீன் திரவத்தைக் கலந்திருப்பார்கள். எடையில் சுமார் 35 முதல் 45 சதவீதம். அந்த ஸ்டைரீன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். ஒரு துண்டு தெர்மாகோலில் ஒரு சொட்டு படகு ரெசினை விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் அந்த இடம் பளபளப்பாகும், பிறகு குழிந்து உள்வாங்கும், கடைசியில் ஓட்டை விழும். எபாக்சி ரெசினில் ஸ்டைரீன் கிடையாது. அதனால் அது தெர்மாகோலைத் தொடாது. இதனால்தான் தெர்மாகோல் என்றால் எபாக்சி என்பதும், பாலியூரித்தேன் ஃபோம் என்றால் பாலியெஸ்டர், எபாக்சி இரண்டில் எது வேண்டுமானாலும் என்பதும் இந்தத் தொழிலின் அடிப்படை விதி.

விதி எளிதுதான். ஆனால் அது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு படகு வேலை இடத்தில் கண்ணால் பார்த்தேன். மூக்கு உடைந்த ஒரு பலகையை ஒரு பையன் கொண்டுவந்தான். "அண்ணே, இதுக்கு ஃபைபர் போட்டு அடைச்சுத் தருவீங்களா?" என்றான். "வெச்சுட்டுப் போ தம்பி, சாயங்காலம் வா" என்றார் வேலைக்காரர். படகு வேலையில் கை தேர்ந்தவர். விரிசலைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும், மேட்டை நான்காகக் கிழித்து விளிம்பு மெலியும்படி வைத்ததும் அவ்வளவு நேர்த்தி. சாயங்காலம் பலகையைப் பார்த்தால் புதுசு போல இருந்தது. ஆனால் விரலால் தட்டியபோது மட்டும் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். ரெசின் விரிசல் வழியாக உள்ளே இறங்கி, ஃபோமைத் தின்று, ஒரு கையளவு பொந்து ஆக்கியிருந்தது. அவர் மேல் தப்பே இல்லை. அவர் வாழ்க்கையில் தொட்ட படகுகள் எல்லாமே பாலியெஸ்டர்தான், வெளியே வெள்ளை வெளேர் என்று பூசியிருக்கும் பலகைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் சொந்தமாகப் பலகை செய்பவர் யாராக இருந்தாலும், கண்ணாடித் துணிக்கு அடியில் ஒரு சின்னக் காகிதத்தில் ஃபோம், ரெசின் இரண்டின் பெயரையும் எழுதி வைத்துப் பூச வேண்டும். ரெசின் ஏறியதும் காகிதம் கண்ணாடி போல ஆகி எழுத்து மட்டும் தெரியும். பலகையை விற்றாலும் கடன் கொடுத்தாலும் அந்தத் தகவல் கூடவே போகும்.

இந்தப் பகுதிக்கு ஃபைபர் எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். கட்டுமரம் போய் ஃபைபர் வந்தது ஒரே நாளில் நடந்ததல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் இழுத்து ஏற்றக்கூடிய ஃபைபர் படகுகளை 1980-களில் வடிவமைத்துச் சோதித்துப் பார்த்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தன. அவற்றைப் பழுது பார்த்துப் பார்த்தே ஒரு தலைமுறைக்குக் கை பழகிவிட்டது. அந்தக் கைத்திறன் சர்ஃப் பலகைக்குப் பெரிய சொத்து. மாற்ற வேண்டியது பொருளை மட்டும்தான்.

இனி ஃபோம். உலக அளவில் சர்ஃப் பலகைக்கென்று நிலைத்த ஃபோம் பாலியூரித்தேன். அதற்கு முன்னால் பால்சா மரத்தை இழைத்து மேலே ஃபைபர் பூசினார்கள். 1950-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்டரும் கார்டன் கிளார்க்கும் பாலியூரித்தேனை அச்சில் வார்த்து, பலகை வடிவத்திலேயே ஃபோம் கட்டி செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். அப்படி வார்த்த கட்டியைத்தான் பிளாங்க் என்கிறார்கள். பின்னால் கிளார்க் தனியாக நடத்திய கிளார்க் ஃபோம் நிறுவனம் அமெரிக்கச் சந்தையின் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்திருந்தது. 2005 டிசம்பர் 5 அன்று அவர் திடீரென்று கடையைச் சாத்தினார். ஃபோம் செய்யப் பயன்படும் டி.டி.ஐ. என்ற நச்சு வேதிப்பொருள் தொடர்பான கட்டுப்பாடுகளையும் வழக்குகள் பற்றிய பயத்தையும் காரணங்களில் சேர்த்துச் சொன்னார். பலகை செய்பவர்கள் ஒரே நாளில் பொருள் இல்லாமல் நின்றார்கள். எபாக்சியும் தெர்மாகோலும் பெரிய அளவில் பலகைத் தொழிலுக்குள் நுழைய அந்த மூடல் ஒரு முக்கியக் காரணம்.

பாலியூரித்தேனுக்கும் வடசென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்த ஃபோம் இரண்டு திரவங்கள் கலந்து உருவாவது. ஒன்று பாலியால், இன்னொன்று ஐசோசயனேட். பாலியாலை மணலியில் இருக்கும் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் தயாரிக்கிறது. பாலியெஸ்டர் ரெசினுக்கு மூலப்பொருளாகும் புரொப்பிலீன் கிளைக்காலும் அங்கேயே ஆகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ஃபோம் வார்க்கக் கிளம்பக் கூடாது. ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளியளவு ஆவி கூட மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். போபாலில் 1984-ல் கசிந்ததும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வாயுதான். வார்த்து முடித்து இறுகிய பிளாங்க் ஆபத்தில்லாதது. இழைக்கும்போது பறக்கும் தூசியை மட்டும் தவிர்த்தால் போதும். இன்னொன்று: பாலியூரித்தேனைச் சூட்டுக் கம்பியால் வெட்டவே கூடாது, நச்சுப் புகை வரும். ரம்பமும் இழைப்புளியும்தான் அதற்கு.

பிளாங்கின் பெரிய வசதி, அது இழைப்பதற்கு வெண்ணெய் போல இருக்கும். மணிமணியாகப் பிய்ந்து வராது. நடுவில் ஸ்ட்ரிங்கர் எனப்படும் மரச்சட்டம் ஒட்டியே வரும். அடர்த்தி கன மீட்டருக்கு 35 முதல் 48 கிலோ வரை இருக்கும். சிக்கல் என்னவென்றால் நம் கடைத்தெருவில் அது கிடைப்பதில்லை. வெளியிலிருந்து ஒன்றை வரவழைத்தால், எடை இல்லாவிட்டாலும் ஒன்பது அடி நீளப் பொட்டலத்துக்கான கூலி பொருளின் விலையையே எட்டிப் பிடிக்கும். மீன் வைக்கும் குளிர்பெட்டிக்கும் ஷெட் கூரைக்கும் போடுகிறார்களே பஃப், அதுவும் பாலியூரித்தேன்தானே என்று கேட்பார்கள். ஆமாம், அடர்த்தியும் கிட்டத்தட்ட வரும். ஆனால் அது குளிரைக் காக்கச் செய்தது. நகத்தால் அழுத்தினாலே பொடியும். கால் மறுபடி மறுபடி ஒரே இடத்தில் மிதித்தால் துணிக்கு அடியில் மாவாகிப் பிரிந்துவிடும். இடத்திலேயே ஊற்றிய பஃப்பில் குமிழிகள் ஓரிடத்தில் சின்னதும் ஓரிடத்தில் பெரியதுமாக இருக்கும். பலகைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் கைக்கு எட்டுவது தெர்மாகோல்தான். இங்கே எல்லாரும் சறுக்கும் இடம் அடர்த்தி. டிவி பெட்டிக்குள் வரும் தெர்மாகோலும், மேடை அலங்காரத்துக்கு விற்கும் தாளும் கன மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அளவிலேயே இருக்கும். கட்டட வெப்பத்தடுப்புக்கு விற்பவர்களிடம் கேட்டால் 15, 20, 25, 30 என்று அடர்த்தி சொல்லித் தருவார்கள். பலகைக்கு 20-க்குக் கீழே போகாதீர்கள், 25 கிடைத்தால் நல்லது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒன்பது அடிப் பலகை ஏறக்குறைய 70 லிட்டர் கொள்ளளவு. 20 அடர்த்தியில் ஃபோமின் எடை 1.4 கிலோ, 30 அடர்த்தியில் 2.1 கிலோ. முழுசாக 700 கிராம்தான் வித்தியாசம். அந்த 700 கிராமுக்காகக் காலடியில் குழி விழும் பலகையைச் செய்வதில் அர்த்தமே இல்லை. கடையில் அடர்த்தி எழுதியிருப்பதை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு துண்டை அளந்து, தராசில் வைத்து, நீங்களே வகுத்துப் பார்த்துவிடலாம். துண்டை ஒடித்தும் பாருங்கள். மணிகள் நடுவிலேயே உடைந்தால் நன்றாக ஒட்டியிருக்கிறது, மணி மணியாகக் கழன்று வந்தால் அந்தக் கட்டி வேண்டாம்.

தெர்மாகோலைச் சூட்டுக் கம்பியால் அழகாக வெட்டலாம், காற்றோட்டம் மட்டும் வேண்டும். கட்டியை இரண்டாகப் பிளந்து நடுவில் மரச்சட்டம் ஒட்டுவதாக இருந்தால், செருப்புக்கும் ரெக்சினுக்கும் போடும் ரப்பர் பசை பக்கமே போகாதீர்கள், அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்னும். ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படியே. ஒட்டுவதற்கு எபாக்சி, நிறத்துக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக். இழைத்து முடித்த பிறகு மணிகளுக்கு இடையே உள்ள சின்னக் குழிகளை மெல்லிய பட்டி போட்டு அடைத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு குழியும் ரெசினைக் குடித்து, கட்டியில் மிச்சம் பிடித்த எடை ரெசினில் திரும்ப வந்துவிடும்.

மொட்டை மாடி வெப்பத்தடுப்புக்கு வண்ணத் தகடாக வரும் எக்ஸ்.பி.எஸ். (மணி இல்லாமல் பிழிந்து வார்த்த பாலிஸ்டைரீன்) பற்றியும் கேட்பார்கள். மணி இல்லை, தண்ணீர் குடிக்காது, 30-க்கு மேல் அடர்த்தி. காகிதத்தில் பார்த்தால் அதுதான் சிறந்தது. ஆனால் அதன் வழவழப்பில் ரெசின் பிடிப்பது குறைவு. வெயிலில் உள்ளிருக்கும் வாயு விரிந்தால் வெளியேற வழியில்லாமல் துணியைத் தூக்கிக் கொப்புளமாக்கிவிடும். சென்னை வெயிலுக்கு அது சரிப்படாது.

துணி விஷயத்தில்தான் படகுப் பழக்கம் அதிகமாக வழி தப்ப வைக்கிறது. படகுக்குச் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டும், 600 கிராம் ரோவிங் எனும் தடித்த நெய்த துணியும் அடுக்குவார்கள். ஒன்பது அடிப் பலகையின் இரு பக்கமும் சேர்ந்து சுமார் இரண்டரைச் சதுர மீட்டர் பரப்பு. மேட் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும். ஒரே ஒரு 450 மேட் சுற்றினால் கூட ரெசினோடு மூன்றரைக் கிலோவைத் தாண்டும். நெய்த 200 கிராம் துணி தன் எடைக்குச் சமமான ரெசினோடு நின்றுகொள்ளும், ஒரு சுற்றுக்கு மொத்தம் ஒரு கிலோ. அதே எடைக்கு நெய்த துணியின் வலு மேட்டைவிட மிக அதிகம், ஏனென்றால் இழைகள் அறுபடாமல் ஓடுகின்றன. இன்னொரு காரணமும் இருக்கிறது. மேட்டில் துண்டு இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரையும்படி செய்தது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் அந்தப் பசை கரையாது. மேட் விறைப்பாகவே நின்று, வளைவுகளில் படியாமல் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஆக, எபாக்சி என்று முடிவு செய்தால் நெய்த துணிதான், பேச்சே இல்லை. நிற்கும் பக்கம் இரண்டு அடுக்கு, அடிப்பக்கம் ஒன்று என்பது பரவலான முறை. இங்கே அடிப்பக்கத்துக்கும் இரண்டு போடலாம் என்பேன். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை தூண்டில் வளைவுக் கற்கள் கிடக்கும் கரையில், பலகை அடிபடுவது கடலைவிடக் கல்லில்தான்.

சரி, ரெசினுக்கு வருவோம். பாலியூரித்தேன் பிளாங்க் கிடைத்தவருக்குப் பாலியெஸ்டர் இன்றைக்கும் நல்ல துணை. விலை எபாக்சியில் பாதிக்கும் கீழே. கலவைக் கணக்கும் இளக்கமானது. கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதத்துக்குள் கூட்டிக் குறைத்து இறுகும் நேரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் 2 சதவீதம் ஊற்றினால் துணியை நீவி முடிப்பதற்குள் ஜெல்லியாகிவிடும். அதற்காக ஒரு சதவீதத்துக்கு ரொம்பக் கீழே போனாலும் உள்ளே சரியாக இறுகாமல் நின்றுவிடும். அதிகாலையில் வேலையை வைத்துக்கொள்வது இதற்குச் சரியான வழி. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். படகு ரெசின் எல்லாம் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும். ஐசோ (ஐசோஃப்தாலிக் பாலியெஸ்டர்) என்று கேட்டு வாங்கினால் சாதாரண ஜி.பி. ரெசினைவிட உப்புத் தண்ணீரைத் தாங்கும். முதல் பூச்சு மெழுகு இல்லாத ரெசின்; காய்ந்த பிறகும் மேற்பரப்பு பிசுபிசுப்பாக இருந்தால்தான் அடுத்த பூச்சு பிடிக்கும். கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகு கலந்தது, அப்போதுதான் உப்புத்தாளுக்கு நிற்கும்.

எபாக்சியில் இந்த இளக்கம் கிடையாது. ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் டப்பாவில் சொன்ன விகிதத்தில், தராசில் வைத்து, கிராம் சுத்தமாக. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் காயவே காயாது. மிச்ச ஹார்ட்னர் உள்ளேயே தங்கிப் பலகையை மென்மையாக்கும். தரைக்குப் போடும் கெட்டியான எபாக்சி துணியில் இறங்காது, லாமினேட்டிங் வகை என்று கேட்டு மெதுவாக இறுகும் ஹார்ட்னரோடு வாங்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். கலந்ததைக் குவளையிலேயே வைத்திருந்தால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலத் தட்டிலோ பலகையிலோ ஊற்றிப் பரப்பிவிடுங்கள்.

எந்த நேரத்தில் பூசுவது என்பதுதான் எனக்குத் தெரிந்து நம் ஊரில் யாரும் போதுமான அளவு யோசிக்காத விஷயம். தெர்மாகோல் மணிகளுக்கு இடையே காற்று இருக்கிறது. காலையில் பூசினால் பொழுது ஏற ஏற அந்தக் காற்று விரிந்து, ஈரமான ரெசின் வழியாகக் குமிழ் குமிழாக வெளியேறும், காய்ந்த பிறகு ஊசி ஓட்டைகளாக நிற்கும். சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியானால் மாலைதானே? மாலையில் வடசென்னையில் கடல் ஈரம் சுவரெல்லாம் பிசுபிசுக்கும். பல எபாக்சி ஹார்ட்னர்களில் இருக்கும் அமீன், ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேலே மெழுகு போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். அதன் மேல் அடுத்த பூச்சு ஒட்டாது. இதற்கு வழி, பலகையை மதியமே அறைக்குள் கொண்டுபோய்ச் சூடேற விட்டு, மூன்று நான்கு மணிக்கு மேல் கதவை ஒருக்களித்து வேலையைத் தொடங்குவது. முதல் பூச்சு விரலில் ஒட்டியும் ஒட்டாத பதத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் போட்டுவிட்டால் படலம் பற்றிய கவலை குறையும். தாமதமானால் வெதுவெதுப்பான தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகுதான் அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எபாக்சி வேலையைத் தள்ளிப் போடுவதே நல்லது.

பழுது பார்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். இந்தப் பக்கத்துத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் புதிதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயை யாரும் மறக்கவில்லை. உடைந்த இடத்தில் எண்ணெய் இருந்தால் எந்த ரெசினும் பிடிக்காது. முதலில் சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், முழுக்கக் காய வைத்தல், பிறகு உப்புத்தாள். தெர்மாகோல் பலகை தண்ணீர் குடித்திருந்தால் நாள்கணக்கில் குத்திட்டு நிறுத்தி வடிக்க வேண்டும். பாலியெஸ்டர் பலகையை எபாக்சியால் ஒட்டலாம். இறுகிய எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது.

உடம்பையும் அக்கம்பக்கத்தையும் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ சுவரோடு சுவராக ஒட்டிய வீடுகளுக்கு நடுவில் ஸ்டைரீன் நெடியைப் பரப்புவது நியாயமில்லை. ஆவியைத் தடுக்க வடிகட்டிக் குப்பி உள்ள முகமூடி வேண்டும், துணி முகக்கவசம் போதாது. எபாக்சிக்கு நெடி குறைவு என்பதால் கையுறை இல்லாமல் தொடுகிறார்கள். அது தோலில் ஏற்படுத்தும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது, தொழிலையே விட வேண்டிவரும். மிச்ச ரெசினைச் சாக்கடையில் ஊற்றாமல், இறுக வைத்துக் குப்பையில் போடுங்கள்.

கேட்டால் நான் சொல்வது இதுதான். முதல் பலகை செய்பவர் 25 அடர்த்தித் தெர்மாகோல், லாமினேட்டிங் எபாக்சி, 200 கிராம் நெய்த துணி, நடுவில் மெல்லிய மரச்சட்டம் என்று போகலாம். கோவளத்துக்கோ மகாபலிபுரத்துக்கோ போய் அடிக்கடி அலை ஏறுபவர், பிளாங்க் வாங்கும் வசதியும் உள்ளவர், பாலியூரித்தேனும் ஐசோ பாலியெஸ்டரும் எடுத்துக்கொள்ளட்டும். கொஞ்சம் கனம் கூடினாலும், அடிபட்டால் எந்தப் படகு வேலைக்காரரும் செப்பனிட்டுத் தருவார். தெர்மாகோல் பலகைக்கு வெள்ளை நிறமே இருக்கட்டும். அறை வெப்பத்தில் இறுகிய பல எபாக்சிகள் 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், மே மாத மதியத்தில் மூடிய காருக்குள்ளோ வெயிலில் நிற்கும் வேன் மேலோ கறுப்புப் பலகை அந்தச் சூட்டை எளிதாகத் தொட்டுவிடும். காற்று வெளியேற ஒரு சின்ன வென்ட் திருகும் அவசியம்.

பூசும் அன்றைக்கே, வெட்டி மிச்சமான தெர்மாகோல் துண்டில் அதே கலவையையும் அதே துணியையும் போட்டு ஒரு மாதிரித் துண்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதில் நகத்தை அழுத்தித் தடம் விழுகிறதா, துணியைப் பிய்த்தால் ஃபோமோடு சேர்ந்து பிய்கிறதா, வழுக்கிக்கொண்டு தனியாக வருகிறதா என்று பார்த்தால் பலகையின் நிலை தெரிந்துவிடும். ஃபோமோடு பிய்ந்தால் ஒட்டு சரி. எபாக்சி முழு வலுவுக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும், அதுவரை தண்ணீரில் இறக்க வேண்டாம்.